கருங்காலி நாற்காலி

தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகும் துரையிடம் வாங்கிய கருங்காலி நாற்காலி, ஹட்டன் கடைவீதி வீட்டின் சன்னல் வெளிச்சத்தில் மழையில் நனைந்த எருமை முதுகு போல மின்னுகிறது. ஒல்லாந்தர் காலத்துக் கடைசல் கால்கள், இன்னும் தொய்யாத பிரம்புப் பின்னல். அதில் கொழுந்தன் மனைவி தெய்வானை சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்கப் பரிமளத்துக்கு வயிறு எரிகிறது. தன் புருஷன் பத்து வருஷத்தில் வாங்கித் தந்தது ஒரு பலாமர முக்காலிதான். “எப்படிக்கா இருக்கு?” என்கிறாள் தெய்வானை. பரிமளம் குனிந்து கைப்பிடியைத் தடவுகிறாள். அந்தக் குளிர்ந்த வழவழப்பை விட்டு விரலை எடுக்க மனம் வரவில்லை. “நல்லாத்தான் இருக்கு. வித்தவருக்கு முந்தின துரை இதுல உக்காந்தபடியேதான் செத்தாராமே?” என்று வாயில் வந்த பொய்யைச் சொல்கிறாள். “ஐயோ!” தெய்வானை துள்ளி எழுந்து, புருஷனைக் கூப்பிட்டபடி கடைப்பக்கம் ஓடுகிறாள். பரிமளம் கதவை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக அதில் உட்கார்ந்து சாய்கிறாள்.