முத்தல் இலை

சயரோக வார்டின் ஜன்னலில் பனிமூட்டம் மெல்ல வெளுக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நோயின் பெயரைக் கேட்டதிலிருந்து நான்கு நாளாகச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. இப்படியே கிடந்தால் ஊசி மட்டும் காப்பாற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிதாக வந்த தாதி கனகாம்பிகை கஞ்சிக் கோப்பையோடு நிற்கிறாள். கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. பக்கத்துக் கட்டில் பேச்சியும் கொழுந்து பறிப்பவள்தான்; ஜன்னல் வழியே கைநீட்டித் தேயிலைக் கிளையொன்றை ஒடிக்கிறாள். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே நுழைந்து, மாரியாயியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கொழுந்தை விட்டுவிட்டு முத்தல் இலைகளாகக் கிள்ளிப் போர்வையில் போடுகிறாள். இது என்ன வைத்தியம் என்று கனகாம்பிகைக்கு விளங்கவில்லை. மாரியாயியின் விரல்கள் அசைவதை மட்டும் கவனிக்கிறாள். ஓர் இலை, இன்னோர் இலை. மாரியாயி வெடிக்கிறாள்.

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? முத்தலயா கிள்ளுவ? கங்காணி கூடையோட கவுத்திருவாரு!"

"இருவது வருசமா இப்புடித்தான் கிள்ளுறேன். நீ பெரிய கெட்டிக்காரின்னா காட்டு."

மாரியாயி எழுந்து உட்கார்ந்து கிளையைப் பிடுங்குகிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அவள் விரலுக்குள் சத்தமில்லாமல் வருகின்றன. அதையே பார்த்தபடி தாதியிடம் கேட்கிறாள்: "மிஸ்ஸி, நான் மறுபடி மலையேறிக் கொழுந்தெடுப்பேனுங்களா?"

எல்லாம் சரியாகிவிடும் என்ற வழக்கமான பதில் கனகாம்பிகையிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கோப்பையைக் கட்டிலருகே வைக்கிறாள். "எனக்குத் தெரியேல்லை அக்கா," என்றபடி கட்டில் விளிம்பில் உட்காருகிறாள்.

மாரியாயி நிமிர்ந்து அவளைப் பார்க்கிறாள். "எல்லாரும் சரியாப் போயிரும்னுதான் சொன்னாங்க. அத நம்பவும் முடியல, திருப்பிக் கேக்கவும் முடியல." பிறகு கோப்பையைத் தொட்டுப் பார்க்கிறாள். "ஆறிருச்சுங்க. கொஞ்சம் சுட வச்சுத் தாங்க."