பச்சை வட்டம்

"மெதுவா... மெதுவா... நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க" என்றபடி கணவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக்கொண்டு வந்தாள் அவள். தோளில் பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் அவர்.

"பையையாவது நான் தூக்கறேன், குடு."

"சும்மா வாங்க. நோயாளி பை தூக்குவாங்களா?"

இதய டாக்டரின் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுது. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மனுஷருக்கு இதைவிட அவமானம் வேண்டாம். "இது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் முதலில் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அந்த உடம்பை மூன்று மாடி இழுத்து வந்தால் யாருக்குத்தான் வாங்காது?

எல்லாம் மகள் செய்த வேலை. வெளியூரில் இருக்கும் அவள், போன முறை வந்தபோது அப்பாவின் தொப்பையைப் பார்த்தாள். தாத்தா மாரடைப்பில் போனது ஞாபகம் வந்தது. உடனே ஒரு வாட்சை வாங்கி அவர் கையில் கட்டி, போனில் ஓர் ஆப்பையும் ஏற்றிவிட்டுப் போனாள்.

சர்க்கரை நோயும் மாரடைப்பும் வருவதற்கு முன்பே அது எச்சரிக்குமாம். ஒழுங்காக நடந்தால் பச்சை வட்டம் நிறையும். நிறைந்ததா இல்லையா என்பது மகளின் போனிலும் தெரியும்.

முதல் வாரம் வட்டம் நிறையவில்லை. மகள் போனில் பிடித்து உலுக்கினாள். அதன்பிறகு தினமும் நிறைந்தது.

"எங்கப்பான்னா அப்பாதான். தங்கம்!" என்றாள் மகள். தங்கம் அதை அடக்கத்தோடு கேட்டுக்கொண்டது.

அப்புறம்தான் ஒரு நாள் காலையில் ஆப் சிவப்பாகக் கத்தியது. 'இதயத் துடிப்பு சீராக இல்லை. உடனே மருத்துவரைப் பாருங்கள்.' மறுநாளும் அதே கத்தல்.

வீடே ஆடிப்போனது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தூக்கம் போனது. "அம்மா, அப்பாவை எந்தக் கனத்தையும் தூக்க விடாதே" என்று மகள் அழுதாள். அவர் செய்துவந்த ஒன்றிரண்டு வீட்டு வேலையும் அன்றோடு அவள் தலையில் வந்து சேர்ந்தது.

மகள்தான் இந்த டாக்டரம்மாவைப் பிடித்துக் கொடுத்தாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "வழக்கம்போல இருங்க, இதை மட்டும் கழட்டாதீங்க" என்று அவர் நெஞ்சில் ஒரு கருவியை ஒட்டி அனுப்பினார். ஒரு நாள் முழுக்க அது அவர் நெஞ்சிலேயே இருந்தது. இன்று அதன் முடிவு.

"காலையில எழுந்ததும் என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வாக்கிங்" என்றார் அவர்.

அவள் சுழலும் ஃபேனைப் பார்த்தாள்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு. பேரு... வாயில நிக்குது, வர மாட்டேங்குது."

மாத்திரை டப்பா கீழே வண்டியிலேயே தங்கிவிட்டது. "நீங்க அசையாதீங்க. நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவர் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஒண்ணு புரியல சார். நேத்து விடியற நேரத்துல, நெஞ்சுல ஒட்டின கருவி உங்க இதயம் குண்டுக்கல்லாட்டம் இருக்குன்னு சொல்லுது. படுத்துத் தூங்கற ஆளோட துடிப்பு. அதே நேரத்துல வாட்ச், இதயம் தாறுமாறா அடிக்குதுன்னு சொல்லுது. உங்களுக்கு என்ன ரெண்டு இதயமா?"

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"சர்க்கரை வாசல் வரைக்கும் வந்து நிக்குது. தொப்பையைக் குறைச்சா திரும்பிப் போயிடும். இதயத்துல ஒரு குறையும் இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே உண்மையும் வந்துவிட்டது.

"உங்ககிட்ட மறைப்பானேன் டாக்டர்? காலையில நான் நடக்கறதே இல்ல. நல்லாத் தூங்குவேன். ஆனா வட்டம் நிறையலன்னா பொண்ணு விடமாட்டாளே! அதனால வாட்சைக் கழட்டி வீட்டுக்காரி கையில மாட்டி விட்டுடுவேன். அவ எப்படியும் கூட்டறேன், துவைக்கறேன்னு வீடு பூரா ஓடிக்கிட்டுத்தானே இருக்கா? எழுந்ததும் நான் வாங்கிக் கட்டிக்குவேன்."

"சிவப்பு வந்தப்ப கூடவா யோசிக்கல?"

"ஆப்ல இருக்கறது என் பேரு, என் வயசு, என் எடை. அதனால எனக்குத்தான்னு நெனச்சுப் பயந்துட்டோம். ரெண்டு பேரும்தான்!" என்று சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க மிஸஸ் இப்ப எங்க சார்?"

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

நாற்காலி பின்னால் சாய, எழுந்து ஓடினார். மாடிப்படிக் கைப்பிடியில் வயிறு முட்டக் குனிந்து எட்டிப் பார்த்தார். கீழே, மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி, முதல் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஏறாதம்மா! அப்படியே உக்காரு, நான் வரேன்!"