பல் தெரியாமல்

பரணிலிருந்து எடுத்த 'இல்லறப் பெண்டிர் ஒழுக்க முறை' என்ற பழைய புத்தகத்தை மரகதத்தின் மகள் யாழினி உரக்க வாசிக்க, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "விருந்தாளி முன்னாடி மனைவி கொட்டாவி விடக்கூடாதாம்ப்பா!" பக்கமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடுகள். கல்யாணமான மறுவாரமே அந்தக் கோடுகளைப் போட்டு மரகதத்திடம் கொடுத்த சதாசிவமும் இப்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்தக் கூத்தையெல்லாம் யாரும்மா கடைப்பிடிச்சிருக்கப் போறாங்க?" என்றார் மகளிடம். யாழினி கோடிட்ட அடுத்த வரியைப் படித்தாள்: "சிரிக்கையில் பல் தெரியலாகாது." மறுபடி ஒரே அமர்க்களம். சுவரோரம் நின்றிருந்த அம்மாவை அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "நீ மட்டும் ஏம்மா சிரிக்கவே மாட்டேங்கிற?" மரகதம் திகைத்துப்போனாள். இவ்வளவு நேரமும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.