பதில் சொல்லாத பள்ளி

“யாராவது பார்த்தாங்களா?”

“இல்லம்மா. நீ முதல்ல கையை விடு, வலிக்குது.”

மகளின் மணிக்கட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மெக்கானிக் கடைக்குப் பின்னாலிருந்த அந்த மாடிப்படியில், களவாட வருகிறவன்கூட இவ்வளவு பம்மிப் பம்மி ஏறியிருக்க மாட்டான்.

மேலே பெயர்ப்பலகை கிடையாது. சாத்திய கதவு ஒன்று, அதன் முன்னால் சில பிளாஸ்டிக் நாற்காலிகள், அவ்வளவுதான். மாஸ்டர் யார் என்று இங்கே யாரும் கேட்கக் கூடாது. பிள்ளை எந்தப் பள்ளி என்று அவரும் கேட்க மாட்டார். டியூஷனில் சேர, குறுஞ்செய்தியில் வந்த ஒரே நிபந்தனை அதுதான்.

மகள் படித்தது சின்னப் பள்ளி, பெரிய பேர். கல்லூரிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது ஒன்றே அதன் வேலை. ஆனால் அங்கே யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. அதுதான் அதன் பெருமையே. வட்ட மேஜை போட்டு உட்கார வைப்பார்கள். மாணவன் ஒரு கேள்வி கேட்டால், ஆசிரியர் பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். வாய் தவறி விடையைச் சொல்லிவிட்ட ஆசிரியருக்கு மறுநாள் வேலை இருக்காது. டியூஷனுக்குப் போன பிள்ளைக்கு இடம் இருக்காது. ஒரு காற்புள்ளி பிசகாமல் அத்தனை விதியும் அவளுக்கு மனப்பாடம்.

நுழைவுத் தேர்வு நெருங்கிவிட்டது. மாதிரித் தேர்வில் மகள் இயற்பியலில் வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று. முதல் கேள்விக்கு விடையைத் ‘தேடிக்கொண்டிருந்ததில்’ மணி அடித்துவிட்டதாம்.

“அம்மா, இங்க பாரு.” மகளின் குரல் கிசுகிசுத்தது.

கதவோரம் வரிசையாகக் கருப்பு ஷூக்கள். எல்லாவற்றிலும் பச்சை நாடா. அந்தப் பள்ளிப் பிள்ளைகளைத் தவிர ஊரில் வேறு யாரும் பச்சை நாடா கட்டுவதில்லை.

“என் கிளாஸே இங்கதான் இருக்கு போல! ஒருத்தர்கூட என்கிட்ட மூச்சு விடலியே!”

“உன்கிட்ட யாருடி சொல்லுவாங்க?” என்றவளின் பார்வை கதவுக்குப் போனது. கதவு திறந்து இத்தனை பிள்ளைகளும் வெளியே வந்தால்? நாளை காலைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். “வா, போயிடலாம்.”

“போயிட்டு? பரீட்சையில பதினொண்ணு வாங்கவா?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன் பரிவோடு நகர்ந்து இடம் கொடுத்தார். “புதுசா? பயப்படாதீங்கம்மா. முதல் நாள் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாங்களே!”

“ம்” என்றாள்.

“என்ன ஸ்கூலுங்க அது! என் பையன்கிட்ட ‘சாப்பிட்டியாடா’ன்னு கேட்டா, ‘சாப்பிடுறதுன்னா நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு திருப்பிக் கேக்கறான். பல்லை உடைக்கலாம்னு வருது.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “பஸ் சட்டுனு நின்னா நீ ஏன் முன்னாடி சாயறே? உன் கால் பஸ்ஸோட நின்னுடுச்சு. உடம்புக்கு இன்னும் சேதி போகலை, அது பழைய வேகத்துலயே போகுது. இவ்வளவுதான் விஷயம். இப்போ கணக்குக்கு வா, நான் ஒண்ணு போட்டுக் காட்டறேன்.”

பயத்தையும் மறந்து அவள் காது கொடுத்தாள். எவ்வளவு தெளிவு! ‘இப்படி ஒருத்தர் நம்ம பள்ளிக்குக் கிடைக்காமல் போனாரே’ என்று மனசு அடித்துக்கொண்டது.

மகளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். “நம்ம மௌனச்சாமி ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏம்மா இங்க வரேன்?”

மௌனச்சாமி என்பது பள்ளியில் இயற்பியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். பாடவேளை முழுக்க மோவாயில் விரல் வைத்துத் தலையாட்டுவதுதான் மனிதருடைய பாடம். அதற்காகவே போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

அவள் மகளை இழுத்துக்கொண்டு படியை நோக்கி ஓடினாள். கீழிருந்து இன்னொரு தாயும் பிள்ளையும் மேலே வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குறுகலான படியில் ஒருவர் பின்வாங்கினால்தான் இன்னொருவருக்கு வழி. முட்டிய வேகத்தில் அவளுடைய முகக்கவசம் அறுந்து விழுந்தது.

கதவு திறந்தது. முழங்கை வரை சாக்பீஸ் தூளோடு வாசலில் நின்றவரைப் பார்த்து மகள், “சார், நீங்களா!” என்று கத்தியேவிட்டாள்.

சாட்சாத் மௌனச்சாமி.

மகளைப் பார்த்தார். பின்னால் நின்ற அவளைப் பார்த்தார். கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உருண்டது. அவருக்குப் பின்னால் எட்டிப்பார்த்த பச்சை நாடாப் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தார்கள்.

எல்லாம் முடிந்தது. ‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’ என்று கெஞ்ச வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பி, அழுதுவிடுகிற குரலில் சொன்னார்:

“பிரின்சிபால் மேடம், சத்தியமா நம்ம ஸ்கூல்ல நான் எதையுமே சொல்லித் தரலை!”