தகரக் குவளை

மயாமியில் பேர் வாங்கிய ஓவியர் நாடேஜ், தான் வளர்ந்த ஊரான ஜாக்மெலில் இறங்கியதும் நேராக மதாம் எர்மான்ஸின் வீட்டுக்குப் போனாள். பீங்கான் கோப்பையில் காப்பி வந்தது.

"டி.வி.யில பார்த்தேன்டி உன்னை. என் வீட்டுல வளர்ந்த பொண்ணுன்னு தெருவுக்கே சொன்னேன்."

"எட்டு வயசுலேர்ந்து உங்க பாத்திரத்தைத் தேய்ச்சேன், மதாம். நான் குடிக்கன்னு தனியா ஒரு தகரக் குவளை வெச்சிருந்தீங்களே, அது இருக்கா? கண்காட்சியில வைக்கணும். இப்படியும் ஒரு காலம் இருந்துச்சுன்னு ஜனங்க பார்க்கட்டும்."

மதாம் தலைகுனிவாள் என்று நாடேஜ் காத்திருந்தாள். மதாம் சிரித்தாள்.

"இவ்வளவுதானா? தாராளமா எடுத்துட்டுப் போ."

சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏ குட்டி லூர்டி, குடிச்சு முடிச்சதும் உன் குவளையைக் கழுவிக் கொண்டா. உனக்கு வேற தகரக் குவளை வாங்கித் தரேன்."