அழுக்குத் தெரியாத ஜாக்கெட்

தார் ரோடு போடுகிறவர்கள் பளிச்சென்ற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டே ஆகவேண்டும் என்று காட்டில் உத்தரவு வந்தது. எருமை மேஸ்திரி கழுதையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்கார நரி மஞ்சள் ஜாக்கெட் ஒன்றை விரித்தது. "ஒரு மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே தெரியும், மேஸ்திரி."

மேஸ்திரி அதைத் தள்ளி வைத்தார். "ஒரே நாள்ல அழுக்காயிடுமே! அழுக்குத் தெரியாத கலரா எடுங்க."

நரி, ஒளிரவேண்டிய பட்டை முதற்கொண்டு கறுப்பாக ஒன்றை எடுத்துப் போட்டது.

"இதைப் போட்டா நாமளே தெரியமாட்டோமே?" என்றது கழுதை.

"துவைக்கிறது யாரு, நீயா?"

மறுநாள் பொழுது சாயும் நேரம், தார் டின்னோடு வந்த கழுதை நடு ரோட்டில் நின்ற மேஸ்திரி மேல் முட்டியது. டின்னிலிருந்த தார் மொத்தமும் அவர் மேல்.

"ஐயோ, நீங்க நின்னதே தெரியலையே!"

மேஸ்திரி தட்டுத்தடுமாறி எழுந்து, முதல் வேலையாக ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அழுக்குத் தெரியுதா?"