அழுத்திய விரல்

மண்சரிவால் மலையுச்சி வயர்லெஸ் நிலையத்துக்கு யாராலும் ஏற முடியவில்லை. காட்டில் சிக்கிய நான்கு வனக்காவலர்களின் குரல் அங்கே மட்டும்தான் எட்டும். அங்குள்ள வயர்லெஸ் கருவியை அடிவார அலுவலகத்திலிருந்தே இயக்க, எஸ்தர் பகல் முழுக்கக் கணினியோடு போராடினாள். நால்வரில் ஒருவன் அவள் கணவன்.

மாலையில் இணைப்பு கிடைத்தது. பேசுவதற்கான பொத்தானை அழுத்தி, "கேக்குதா?" என்றாள். விரலை எடுத்ததும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்குது மேடம். மூணு பேரு இருக்கோம்."

அது அவள் கணவனின் குரல் அல்ல. மறுபடி அழுத்தினாள்.

"யார் யாரு?"

கேட்டு முடித்த பிறகும் அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது. அழுத்தியிருக்கும்வரை பதில் வராது.

பக்கத்தில் நின்ற அலுவலக உதவியாளன் ஹமீது தாழ்ந்த குரலில் சொன்னான்: "எடுங்கக்கா. அவங்க செட்டுல சார்ஜ் தீந்துரும்."

எஸ்தர் விரலை எடுத்தாள்.